செடியின் பெயர் தெரிந்தால் போதுமா? நாட்டு மருந்து பற்றிக் கொஞ்சம் அடிப்படை

என் பெரியப்பா தினமும் காலையில் தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு மூலிகை அனுப்புவார். சர்க்கரையை விரட்டும் இலை, கல்லீரலைக் கழுவும் வேர், மூட்டு வலிக்கு ஒரே பூ. படம் இருக்கும், பெயர் இருக்கும், கீழே பத்துப் பேருக்குப் பகிரச் சொல்லி ஒரு வரி இருக்கும். எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, எவ்வளவு, எத்தனை நாள், யார் சாப்பிடக் கூடாது என்பது மட்டும் இருக்காது.

இதே வீட்டில்தான் என் ஆச்சி சுக்கைத் தோல் சீவாமல் தட்டப் போனால் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பாள். சுக்குக்கு மேல்தோல் ஆகாது, சீவ வேண்டும். கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டை ஆகாது, எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அவளுக்கு வந்து சேர்ந்த அறிவு முழுசாக வந்திருந்தது. பெரியப்பாவுக்கு வருவது அதில் கால்வாசி. மிச்ச முக்கால்வாசிக்கு நம் ஊரில் ஒரு சொல் உண்டு, பக்குவம். நாட்டு மருந்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி தூரம் வந்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'மாற்று மருத்துவம்' என்று சொல்கிறோமே, எதற்கு மாற்று? ஆச்சியைக் கேட்டால் ஊசி போடும் டாக்டர்தான் மாற்று என்றிருப்பாள். அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்களைத் திணித்து வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் ஏடும் பாடமும் உள்ள மருத்துவங்கள்: நம் சித்த மருத்துவம், ஆயுர்வேதம், கிரேக்கத்திலிருந்து அரபு வழியாக வந்த யுனானி, சீன மருத்துவம், லடாக்கிலும் திபெத்திலும் உள்ள சோவா ரிக்பா. இவற்றுக்குக் கல்லூரி உண்டு, பட்டம் உண்டு. பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. இன்னொரு பக்கம் ஏட்டில் ஏறாத அறிவு: காணிக்காரர், இருளர் போன்ற பழங்குடிகளின் மருந்து, ஊருக்கு ஒருவராக இருந்த எலும்பு கட்டுகிறவர், அடுப்படியில் ஆச்சி போடும் கஷாயம். மூன்றாவதாக, எந்த ஊர் மரபிலும் இல்லாமல் போன வருஷம் யாரோ டப்பாவில் அடைத்து "5000 வருடப் பாரம்பரியம்" என்று ஒட்டி விற்பது. இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு "மூலிகை நல்லதா கெட்டதா" என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, பக்குவத்துக்கு வருவோம். ஒரே செடியிலிருந்து எத்தனை மருந்து வரும் என்று பாருங்கள். இலையை இடித்துப் பிழிந்தால் சாறு, அரைத்து உருட்டினால் கற்கம், தண்ணீரில் போட்டு நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவிட்டால் குடிநீர் (நாம் சொல்லும் கஷாயம்), காயவைத்து இடித்துச் சலித்தால் சூரணம், பாகில் கிண்டினால் லேகியம். சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை, வெளிமருந்து 32 வகை என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம்தான், சூரணம் 3 மாதம். காலையில் போட்ட கஷாயத்தை பிரிட்ஜில் வைத்து மூன்று நாள் குடிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். எதோடு சாப்பிடுவது என்பதற்கும் அனுபானம் என்று தனி விதி, தேனா, நெய்யா, பாலா, வெந்நீரா என்று. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுகிறோம் இல்லையா, 1998இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில் மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் ஏறும் அளவு மனிதர்களில் பல மடங்கு கூடியது தெரிந்தது. மஞ்சள் தனியாகப் போனால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடுகிறது.

பக்குவம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே போதும். விவசாயிகள் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கம்பிப் பந்தலில் படரவிட்டு விளைவித்து விதையை ஏற்றுமதி செய்கிறார்கள், காரணம் அதில் இருக்கும் கோல்சிசின், கீல்வாதத்துக்கு ஆங்கில மருத்துவர்களே எழுதிக் கொடுக்கும் மருந்து. அதே கிழங்கை உண்ணும் கிழங்கு என்று தவறாக நினைத்து வேகவைத்துத் தின்றால் உயிர் போகும். மருந்தும் நஞ்சும் ஒரே பொருள்தான், அளவு மட்டும் வேறு.

இந்த அளவு விஷயத்தில் இங்கிலாந்துக் கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில் ஒரு வயதான பெண்மணி, உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ரகசியக் குடும்ப மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், டாக்டர்கள் கைவிட்டவர்களில் சிலரும் அதில் தேறினார்கள். 1775இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் அந்த மருந்து வந்தது. அதில் இருபதுக்கும் மேல் மூலிகைகள். குடித்தவர்களுக்கு வாந்தியும் பேதியும் பிய்த்துக்கொண்டு போனது. தாவரவியலும் தெரிந்தவர் என்பதால், வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுகொண்டார். அப்புறம் பத்து வருடம் உட்கார்ந்து இலையை எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது, எவ்வளவு கொடுத்தால் வாந்தி வராமல் வீக்கம் வடியும் என்று நோயாளி நோயாளியாகக் குறித்து, 1785இல் தேறியவர் தேறாதவர் எல்லோரையும் சேர்த்து வெளியிட்டார். இன்று இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். பாட்டி ரகசியமாக வைத்திருந்தாள், இவர் தோற்ற கணக்கையும் சேர்த்து வெளியே வைத்தார். நவீன மருத்துவம் என்று சொல்வதில் முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஊசியிலும் மாத்திரையிலும் அல்ல.

இதைவிட அருமையான கதை சீனாவில். 1967 மே 23ஆம் தேதி, வியட்நாம் போர்க் காலத்தில், மலேரியாவுக்கு மருந்து தேட ஒரு ரகசியத் திட்டம் தொடங்கினார்கள். தேதியையே பெயராக வைத்து 523 திட்டம். பழைய மருந்தான குளோரோகுயினுக்கு மலேரியா கிருமி மசியாமல் போயிருந்த நேரம். பெய்ஜிங்கில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு, பழைய சீன மருத்துவ நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் 2000க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. அதில் சிங்ஹாவ் என்ற செடி ஒரு தடவை நன்றாக வேலை செய்தது, அடுத்த தடவை செய்யவில்லை. அந்தச் செடி நம் மரிக்கொழுந்துக்கும் மாசிபத்திரிக்கும் சொந்தம்தான், ஒரே ஆர்ட்டிமிசியா பேரினம்.

ஏன் ஒரு தடவை கேட்டு ஒரு தடவை கேட்கவில்லை? தூ யூயூ மறுபடி ஏட்டுக்குப் போனார். நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு: ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, முழுவதையும் குடி. அவ்வளவுதான். கொதிக்கவை என்று அதில் இல்லை. நாம் கஷாயம் என்றாலே அடுப்பில் ஏற்றுவோம், சீனர்களும் அப்படித்தான், ஆனால் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் பிழியச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் சூட்டில் சத்து அழிகிறது என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரில் இலையைச் சாறெடுத்தார்கள். 1971 அக்டோபரில், 191ஆம் எண் கொண்ட மாதிரி, எலிகளின் மலேரியாவை முழுவதுமாக நிறுத்தியது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் அவரும் கூட வேலை பார்த்தவர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஆர்ட்டிமிசினின் என்ற தூய பொருள் கையில் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு.

கவனியுங்கள், செடியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. பக்குவம் தெரியாமல்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்ட்டிமிசினின் இருக்கிறதே என்று அந்த இலையில் டீ போட்டுக் குடித்தால் மலேரியா தீருமா? உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. இலைக்கு இலை அளவு மாறும், அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும்.

பெயர் போதாது என்றேன், சில சமயம் பெயரே தவறு. கேரளாவில் பிரம்மி என்று கேட்டால் நீர்ப்பிரம்மி தருவார்கள், வட இந்தியாவில் பல இடங்களில் அதே பெயருக்கு நம் வல்லாரை வரும். இது பெரிய ஆபத்தில்லை. பெல்ஜியத்தில் நடந்தது ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில், உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வரிசையாகச் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். தேடிப் பார்த்தால், ஃபாங் ஜி என்ற பெயரில் சீனாவில் இரண்டு வேறு செடிகளின் வேர் புழங்குகிறது, வரவேண்டியதற்குப் பதில் அரிஸ்டலோகியா என்ற இனத்தின் வேர் வந்திருக்கிறது. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் தரும். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இதே அரிஸ்டலோகியாதான். ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நாம்தான் இணையத்தில் பொடி வாங்குகிறோம்.

சரி, அப்படியானால் "எனக்குக் கேட்டதே" என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. இங்கேதான் கீழாநெல்லியைப் பற்றிப் பேச வேண்டும், மஞ்சள் காமாலை என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மோரில் அரைத்துக் குடித்து மூன்று வாரத்தில் கண் வெளுத்து, பசி எடுத்து எழுந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள்.

விஷயம் என்னவென்றால், மஞ்சள் காமாலை ஒரு நோயே அல்ல, பல நோய்களின் அடையாளம். நம் ஊரில் அதிகம் வருவது அழுக்குத் தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள். இவை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடும், கல்லீரலுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வல்லமை அவ்வளவு. அந்தச் சில வாரத்தில் கீழாநெல்லி குடித்திருந்தால் பெயர் கீழாநெல்லிக்கு, குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தால் பெயர் குலதெய்வத்துக்கு. ஆனால் பித்தப்பைக் கல் குழாயை அடைத்து வரும் காமாலைக்கும், எலிக்காய்ச்சலில் வரும் காமாலைக்கும், பிறந்த குழந்தையின் காமாலைக்கும் காத்திருக்க நேரம் கிடையாது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் பிரிக்கும்.

அப்படியானால் கீழாநெல்லியைச் சோதித்துப் பார்க்க என்ன வழி? ஒரே நோய் உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு மருந்து மாதிரியே தெரியும் வெறும் பொடி கொடுத்துப் பார்ப்பது. சென்னையில் இதைச் செய்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். 1988இல் வந்த முடிவு பரபரப்பானது: ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களில், கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இந்தப் பலன் திரும்ப வரவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, இனம் மாறியதா, முதல் சோதனை சின்னதாக இருந்ததா என்று விவாதம் போனது. இன்றைக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் கீழாநெல்லியை நம்பி இருக்க முடியாது. முதல் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. அந்தச் செடியே பொய் என்பவர்கள் முதல் பாதியைச் சொல்வதில்லை.

சில நேரம் மரபு சொன்ன நோய்க்குக் கேட்காமல் வேறு நோய்க்கு மருந்து கிடைத்துவிடும். நித்தியகல்யாணி தெரியும்தானே, சுடுகாட்டுமல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவார்களே, அதுதான். பூர்வீகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையில் டீ போட்டுக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிளும் பியரும் அதை விலங்குகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரிந்தன. ரத்தப் புற்றில் வெள்ளை அணுக்கள்தானே கட்டுமீறிப் பெருகுகின்றன! அப்படி வந்தது வின்பிளாஸ்டின், பின்னாலேயே வின்கிறிஸ்டின். இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு அடிப்படை மருந்துகளில் வின்கிறிஸ்டின் ஒன்று. அதற்காக சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவை மென்று தின்னுங்கள் என்று வரும் வாட்ஸ்அப்பை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும், வெள்ளை அணுக்களைக் குறைக்கும் செடி அது.

இவ்வளவு பேசிவிட்டு, இந்த அறிவு யாருடையது என்று பேசாமல் போனால் நியாயமில்லை. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள், வற்புறுத்திய பிறகு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதன் இலையை வைத்து ஜீவனி என்ற மருந்தைத் தயாரித்து, உரிமத்தை ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தது. வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை. உலகமே இதை முன்மாதிரி என்று பேசியது. ஆனால் காணி வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், எங்களுக்குள் மட்டும் புழங்க வேண்டியதை வெளியே கொடுத்தது தவறு என்றார்கள், இலையைக் காட்டிலிருந்து எடுத்துவர வனத்துறை ஒத்துக்கொள்ளவில்லை. பங்கு தருவதே பெரிய விஷயம் என்ற நிலைமையில், கேட்டுவிட்டு எடுப்பது இன்னும் பெரிய விஷயம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள், இந்தியா பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997இல் அது ரத்தானது. காணிக்காரர்களிடம் காட்ட நூல் இல்லை.

கடைசியாக, நடைமுறைக்கு. இருமல், அஜீரணம், சாதாரண சளி என்றால் ஆச்சி வைத்தியம் தாராளமாகச் செய்யலாம், நானும் செய்கிறேன். பாம்புக்கடிக்கு மட்டும் எந்த இலையும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. பாம்போடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இருளர்கள் 1978இலிருந்து வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்து எடுத்துத் தரும் நஞ்சில்தான் அங்கே போடும் விஷமுறிவு ஊசியே தயாராகிறது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூலிகையும் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணல் மாதிரி இருக்கும், அவ்வளவு வேலை செய்யும் இலை அது. சர்க்கரை மாத்திரையோடு அதன் பொடியையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை எக்கச்சக்கமாக இறங்கி மயக்கம் வரலாம். பெயரில்லாத மூட்டுவலிப் பொடி ஒரே நாளில் வலியைப் போக்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள், ஸ்டீராய்டு கலந்து விற்பது உண்டு. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, சூரணத்தை யார் செய்தார்கள் என்று அவராவது சொல்வார்.

பெரியப்பாவின் செய்திகளுக்கு நான் இப்போது ஒரே பதில்தான் போடுகிறேன்: எந்தப் பாகம், எவ்வளவு, எப்படிப் பக்குவம் பண்ணணும், யாருக்கு ஆகாது? ஒரு வாரம் தொடர்ந்து கேட்டேன். இப்போது எனக்கு வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ மட்டும்தான் வருகிறது.